பூ விவசாயிகள் குழுவை நடத்துவது எப்படி: பதிவு ஒப்புதல் முதல் பொறுப்பு கொடுப்பது வரை

திருமங்கலம், உசிலம்பட்டி, செல்லம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பூ விவசாயிகளுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு குழு நடத்துகிறேன். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி போடுகிறவர்கள்தான் பெரும்பாலும். ஆரம்பத்தில் யார் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று விட்டிருந்தோம். கடன் வாங்கித் தருகிறேன் என்கிற விளம்பரங்களும், போன வருஷத்து விலைப் படங்களும் வந்து குவிந்தன. சரி, இனி எல்லாப் பதிவும் ஒப்புதலுக்குப் பிறகுதான் என்று பூட்டினோம். அதன் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் இந்த வழிகாட்டி எதற்கு என்று புரியும்.

செல்லம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் ஒரு நாள் ராத்திரி மல்லிகை மொட்டுகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். உள்ளங்கையில் ஏழெட்டு மொட்டு. வெள்ளையாக இருக்க வேண்டியவை ஊதா பாய்ந்து, காம்புப் பக்கம் வீங்கியிருந்தன. "இது மொட்டுப்புழுவா, வேற எதுவுமா? காலையில மருந்து அடிக்கணும்" என்று கீழே எழுதியிருந்தார். அன்றைக்கு நான் ஒரு கல்யாண வேலையில் இருந்தேன். குழுவில் ஒப்புதல் கொடுக்கிற இன்னொருவர், நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தேன். அதற்குள் அவர் மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி அடித்து முடித்திருந்தார். அது வேறு பூச்சிக்கான மருந்து. போனில் கூப்பிட்டு வருத்தம் சொன்னபோது, "தம்பி, கேட்டு ரெண்டு நாள் ஆச்சே, யாருமே பதில் சொல்லலையேன்னு நெனச்சேன். நீங்க என் கேள்வியையே உள்ள விடலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

காத்திருப்பு வரிசையில் நிற்பது பதிவு என்றுதான் நாம் நினைக்கிறோம். அங்கே நிற்பது ஆள். கீழே சொல்கிற எல்லா ஏற்பாடும் இதை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் குழு பூ விவசாயத்துக்கு இல்லாமல் தெருக் குடியிருப்போருக்கோ, ரத்ததானத்துக்கோ, பழைய மாணவர்களுக்கோ இருந்தாலும் வேலை ஒன்றுதான். உதாரணங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதைத் தடுக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒப்புதல் முறையைப் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்கள் குழுவில் வருகிற பதிவுகளை வகை பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் போடுங்கள். இது தவறாக வெளியே போனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? இது தாமதமானால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்?

எங்கள் தாளில் விலைப் பதிவுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம் பெரியது. மல்லிகை விலை ஒரே வாரத்தில் கிலோ சில நூறிலிருந்து ஆயிரக்கணக்குக்குப் போகும், முகூர்த்தம் முடிந்ததும் தரைக்கு வரும். பழைய விலைப் படத்தை இன்றைய விலை என்று நம்பி ஒருவர் கமிஷன் கடையில் போய்ச் சண்டை போட்டால் அது எங்கள் தப்பு. அதே விலைப் பதிவைச் சாயங்காலம் வெளியிட்டால் யாருக்கும் பயன் இல்லை. பூச்சி, நோய் பற்றிய கேள்வி தாமதமானால்தான் நஷ்டம். தவறாக வெளியே போவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மருந்து சொல்கிற பதிவு நேர்மாறு, அரை நாள் தாமதமானாலும் பரவாயில்லை, தப்பாக மட்டும் போகக் கூடாது. நாற்று விற்பனை, மருந்து விற்பனை, கடன் எல்லாம் தாமதமானால் எவருக்கும் கெடுதல் இல்லை, தவறாகப் போனால் பெரிய கெடுதல். வாழ்த்துப் பதிவுகளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

இந்தத் தாள் கையில் வந்ததும் எல்லாப் பதிவையும் ஒரே மாதிரி பூட்டி வைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்துவிட்டது. கேள்விகளை முதலில் எடு, விலையை அதே காலையில் எடு, விற்பனையைக் கடைசியில் நிதானமாகப் பார். எங்கள் வரிசை இப்போது இப்படித்தான்.

இரண்டாம் படி: வாசலில் மூன்று கேள்வி

ஃபேஸ்புக் குழுவில் சேர வருகிறவரிடம் மூன்று கேள்வி வரை கேட்கலாம். மூன்றையும் பயன்படுத்துங்கள், ஆனால் பரீட்சை வைக்காதீர்கள். எந்த ஊர்ப் பக்கம், என்ன பூ போடுகிறீர்கள் அல்லது பூவோடு என்ன தொடர்பு, விதிகளைப் படித்தீர்களா. இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. போன் நம்பர், ஆதார் எதையும் கேட்பதில்லை. நிர்வாகிகள் கையில் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே ஆபத்து. விவசாயி இல்லாதவர்களையும் சேர்க்கிறோம். கமிஷன் கடைக்காரர், பூ கட்டுகிறவர், ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் என்று பல பேர் வருகிறார்கள், அவர்களால் குழுவுக்கு நல்லதுதான். கேள்விகளுக்குப் பதிலே எழுதாமல் வருகிற கணக்குகளை மட்டும் நிறுத்தி வைக்கிறோம். பெரியவர்கள் சில பேருக்குத் தட்டச்சு வராது. அவர்களுக்குத் தெரிந்தவர் ஏற்கெனவே குழுவில் இருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்றாம் படி: புது ஆளைப் படிப்படியாக நம்புங்கள்

புதிதாக வந்தவரைச் சந்தேகப்படுகிறோம் என்று தோன்றக் கூடாது, அதே சமயம் கதவை முழுதாகத் திறந்துவிடவும் கூடாது. இதற்கு ஒரு நல்ல மாதிரி டிஸ்கோர்ஸ் என்கிற மன்ற மென்பொருளில் இருக்கிறது. அதில் உறுப்பினர்களுக்கு 0 முதல் 4 வரை ஐந்து நம்பிக்கை நிலைகள் உண்டு. புது ஆள் 0-வில் தொடங்குவார். ஐந்து தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் வாசித்திருந்தால் தானாக 1-க்கு ஏறுவார். கவனியுங்கள், இதில் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. படித்தாலே போதும். 2-ஆம் நிலைக்குப் பதினைந்து நாள் வந்து போயிருக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும், ஒரு விருப்பக்குறியாவது கொடுத்தும் வாங்கியும் இருக்க வேண்டும். 3-ஆம் நிலை கடைசி 100 நாளைக் கணக்கில் எடுப்பது; வருவது குறைந்தால் அந்த நிலை போய்விடும். 4 மட்டும் தானாக வராது, பொறுப்பில் இருப்பவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும். இவை மென்பொருளோடு வருகிற அளவுகள், தளத்தை நடத்துகிறவர் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வாசிப்புக்குக் கொடுக்கிற மரியாதை. எங்கள் குழுவில் வாயே திறக்காமல் ஆறு மாதம் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் பிறகு நல்ல பதில் சொல்கிறார்கள்.

ஃபேஸ்புக்கில் இப்படித் தானாக ஏறுகிற ஏணி கிடையாது, நாமே கட்ட வேண்டும். பதிவு ஒப்புதலைக் குழு முழுவதுக்கும் போட்டுவிட்டு, நம்பிக்கை வந்தவர்களை ஒவ்வொருவராக முன்கூட்டியே ஒப்புதல் பெற்றவராகக் குறிக்கலாம். அதன் பிறகு அவர்கள் போடுவது வரிசைக்கு வராமல் நேராக வெளியாகும். அமைப்புகளில் பெயர்கள் அடிக்கடி இடம் மாறும், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். எங்கள் வழக்கம், முதல் ஐந்து பதிவைப் பார்ப்பது. ஐந்தும் சரியாக இருந்தால் குறித்துவிடுகிறோம். விற்பனைப் பதிவு மட்டும் யார் போட்டாலும், நான் போட்டாலும், இன்னொருவர் பார்த்த பிறகுதான் வரும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், தயாராக இருங்கள். மூத்தவர்கள் கோபப்படுவார்கள். மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "முப்பது வருஷமா பூ போடுறேன்டா தம்பி. நான் ஒரு வார்த்தை எழுத உன் சம்மதம் வேணுமோ?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. "அண்ணே, உங்க அனுபவத்துக்கு இல்ல இந்தக் காவல். உங்க பேர்ல வேற எவனும் கணக்குத் திறந்து வந்தா எனக்குத் தெரியணும்ல" என்றேன். ஒருவருடைய பெயரையும் படத்தையும் எடுத்துப் போலிக் கணக்கு திறப்பது நிஜமாகவே நடக்கிறது என்று விளக்கியதும் இறங்கி வந்தார். அதற்காக அவருக்கு விதியைத் தளர்த்தவில்லை. ஐந்து பதிவும் ஒரே வாரத்தில் போட்டு முடித்துவிட்டார், அது வேறு விஷயம்.

நான்காம் படி: வரிசையைத் தினமும் காலி செய்யுங்கள்

முக்கியமான படி இதுதான், பெரும்பாலான குழுக்கள் விழுவதும் இங்கேதான். "யாராவது பார்ப்பார்கள்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அக்காவின் மொட்டுப் படம் நின்றுபோனது அப்படித்தான். நேரத்தைப் பங்கு போட்டுப் பெயர் எழுதுங்கள். எங்களிடம் மூன்று முறை: விடிகாலை 4 முதல் 7 வரை ஒருவர், பகலில் ஒருவர், ராத்திரி 8-லிருந்து 10 வரை ஒருவர். விடிகாலை ஆள் எப்படியும் பூ எடுக்க எழுந்திருப்பவர், செடிக்கு நடுவே நின்றே போனைப் பார்த்துவிடுவார். ஊருக்குப் போகிறவர் முந்தின நாளே சொல்லி இன்னொருவரை மாற்றிவிட வேண்டும். எந்தக் கேள்வியும் 12 மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

வரிசையைத் திறந்ததும் மேலிருந்து கீழே போகாதீர்கள். முதலில் கேள்விகளைப் பொறுக்கி எடுத்து வெளியிடுங்கள். எழுத்துப் பிழை, தலைகீழாக நிற்கும் படம், ஏற்கெனவே யாரோ கேட்டது என்பதற்கெல்லாம் கேள்வியை நிறுத்தாதீர்கள். அதன் பிறகு விலை. விலைப் பதிவில் நாங்கள் பார்ப்பது: எந்த மார்க்கெட், என்ன தேதி, எத்தனை மணி, என்ன பூ, கிலோ என்ன. இதில் தேதி இல்லாவிட்டால் வெளியிடுவதில்லை. கடைச் சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்களிடம், பெயரையும் போன் நம்பரையும் விரலால் மறைத்து எடுக்கச் சொல்கிறோம்.

மருந்து சொல்கிற பதிவை ஒருவர் மட்டும் பார்த்து வெளியிடுவதில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலோ, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டிலோ இருக்கிற அளவு என்றால் சரி. "நான் ரெண்டு மடங்கு ஊத்தினேன், அருமையா கேட்டுச்சு" என்று வந்தால் நிறுத்திவிடுவோம். சந்தேகம் என்றால், அழுகிய மொட்டை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைக்குப் போகச் சொல்கிறோம். 1965-லிருந்து அங்கே வேளாண் கல்லூரி இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருக்கும்போது ஃபேஸ்புக்கில் யூகிக்கத் தேவையில்லை.

தானாக வடிகட்டுகிற வசதியும் ஃபேஸ்புக்கில் உண்டு. குறிப்பிட்ட சொற்கள் இருந்தால், வெளி இணைப்பு இருந்தால் பதிவைத் தானாக நிறுத்தச் சொல்லலாம். "உடனடிக் கடன்" போன்ற சொற்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. "மருந்து" என்ற சொல்லை மட்டும் அதில் சேர்த்துவிடாதீர்கள். பூச்சிக் கேள்வி பாதி அதில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் மாட்டினோம்.

ஐந்தாம் படி: மறுக்கும்போது காரணம் சொல்லுங்கள்

பதிவை மறுக்கிற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவது சுலபம். எழுதியவருக்கு அது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. காரணத்தோடு மறுக்கிற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு வரி போதும். என்ன குறை, எப்படிச் சரி செய்தால் வெளியாகும்.

"வணக்கம் அண்ணே. விலைப் படத்தில் தேதி இல்லை. இன்றைய தேதியும் மார்க்கெட் பெயரும் எழுதி மறுபடி போடுங்கள், உடனே வெளியிடுகிறோம்."

இப்படி நாலைந்து பதிலை எழுதி வைத்துக்கொண்டால் விடிகாலை ஆளுக்கும் சிரமம் இல்லை. "விதிமீறல்", "நடவடிக்கை", "எச்சரிக்கை" என்ற சொற்களை விவசாயியிடம் பயன்படுத்தாதீர்கள். அவர் நம்மிடம் உதவி கேட்டு வந்தவர்.

ஆறாம் படி: யாருக்குப் பொறுப்பு கொடுப்பது

நிறையப் பதிவு போடுகிறவர், எல்லோருக்கும் தெரிந்தவர், நம் சொந்தக்காரர் என்று பார்த்துப் பொறுப்பு கொடுக்காதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். தினமும் பத்துப் பதிவு போடுகிற சுறுசுறுப்பான ஆள். ஒப்புதல் பொறுப்பு கிடைத்த இரண்டாவது வாரம், அவருடைய மச்சானின் நாற்று விற்பனைப் பதிவை அவரே வெளியிட்டார். தங்கச்சிமடம் நாற்று என்று போட்டிருந்தது. மல்லிகை நாற்று என்றால் ராமேசுவரத்துப் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருவதற்குத்தான் நம் பக்கத்தில் பேர். நம்பிப் பலர் வாங்கினார்கள். வந்தது வேறு எங்கோ பதியம் போட்டது, பாதி வேரே பிடிக்கவில்லை. அதில் ஒருவர் அரை ஏக்கருக்கு வாங்கியிருந்தார். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தப் பெயரை வைத்து விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள், அதையும் நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து, தன்னுடையதையும் தன் சொந்தக்காரருடையதையும் யாரும் தானே வெளியிடக் கூடாது. இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். இந்த விதியை எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறோம்.

இப்போது ஆள் பார்க்கும்போது நான் தேடுவது வேறு. தான் சொன்னது தப்பு என்று தெரிந்ததும் அந்தப் பதிவின் கீழேயே வந்து "நான் சொன்னது தப்பு, அவர் சொல்வதுதான் சரி" என்று எழுதியிருக்கிறாரா? இந்த ஒன்று இருந்தால் மீதி எல்லாம் பழக்கிவிடலாம். தெரியாததற்குத் தெரியாது என்கிறாரா, வாக்குவாதத்தில் சூடு ஏற்றுகிறாரா தணிக்கிறாரா, புது ஆள் கேட்ட பழைய கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்பதையும் பார்க்கிறேன். இவற்றைப் பார்க்க மூன்று மாதத்துப் பின்னூட்டங்களைப் படித்தால் போதும். பெண்கள் எழுதுகிற பின்னூட்டங்களையும் சேர்த்துப் படியுங்கள். பூ எடுப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான், ஆனால் பொறுப்பு என்று வரும்போது ஆம்பளைப் பெயர்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன.

கேட்டுவிட்டுக் கொடுங்கள். பொறுப்பு என்றால் தினமும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யாரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் சோதனை. அந்த மாதம் அவர் மட்டுறுத்துநராக இருப்பார். பதிவுகளை ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் குழுவின் அமைப்பை மாற்றவோ நிர்வாகியை நீக்கவோ முடியாது. டெலிகிராமில் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம். செய்தியை நீக்குவது, ஆளைத் தடுப்பது, புது ஆளைச் சேர்ப்பது என்று ஒவ்வோர் அதிகாரத்தையும் தனித்தனியாகக் கொடுக்க முடியும். கடைசி 48 மணி நேரத்தில் எந்த நிர்வாகி என்ன செய்தார் என்ற பதிவும் அதில் இருக்கும்.

முழு நிர்வாகியாகக் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவருடைய கணக்கு பறிபோனாலோ, அவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ குழுவே அநாதையாகிவிடும்.

ஏழாம் படி: பொறுப்பை இறக்கி வைக்க வழி விடுங்கள்

ஏறுவதற்கு வழி இருக்கிற அளவுக்கு இறங்குவதற்கு இருப்பதில்லை. அதனால்தான் வேலை செய்யாதவர்கள் பெயருக்குப் பொறுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரிடமும் "தொடர முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லி எல்லோருக்கும் தெரிய ஒரு பதிவு போட்டு விடுவியுங்கள். தவறு செய்ததால் எடுப்பதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த நாற்று விஷயத்தில் பொறுப்பை எடுத்ததும் அப்படித்தான். அவர் இன்றைக்கும் உறுப்பினராக இருக்கிறார், விலைப் பதிவு ஒழுங்காகப் போடுகிறார்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

மற்றவர் போட்ட செய்திக்கு நிர்வாகி மாட்டிக்கொள்வாரா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வழக்கறிஞர்களின் வாட்ஸப் குழு ஒன்றின் நிர்வாகி தொடர்பான வழக்கில், 2021 டிசம்பரில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இதைப் பேசியிருக்கிறது. வெறும் நிர்வாகி என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் போலீஸ் தாக்கல் செய்கிற இறுதி அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் வாட்ஸப்பில் செய்தி வந்த பிறகுதான் நிர்வாகியே பார்க்கிறார். ஒப்புதல் முறையில் நாம் படித்துவிட்டுத்தான் வெளியிடுகிறோம், அதனால் நம் பங்கு அதைவிடக் கூடுதல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சாதி, மதச் சண்டை கிளப்புகிற பதிவையும், ஒரு கடைக்காரரைப் பெயர் சொல்லித் திருடன் என்கிற பதிவையும் வெளியிடாதீர்கள்.

வாட்ஸப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு

வாட்ஸப் குழுவில் ஒவ்வொரு செய்தியையும் பார்த்து விடுகிற வசதி இல்லை. புது ஆள் சேர நிர்வாகி ஒப்புதல் வேண்டும் என்று வைக்கலாம், போட்ட செய்தியை நிர்வாகி எல்லோருக்கும் சேர்த்து நீக்கலாம், நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று பூட்டலாம். ஒரு குழுவில் 1,024 பேர் வரைதான். நாங்கள் விலைக்கு மட்டும் ஒரு பூட்டிய குழு வைத்திருக்கிறோம். சீட்டை நிர்வாகிக்கு அனுப்பினால் அவர் பார்த்துப் போடுவார். கேள்விகளுக்குத் திறந்த குழு தனி.

பொங்கல் வாரத்துக்குத் தனி ஏற்பாடு

மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து, பொங்கலுக்கு விலை உச்சத்துக்குப் போகும். அதே வாரம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. காளை வீடியோ ஒவ்வொருவரும் பத்துப் பத்தாக அனுப்புவார்கள், வரிசை நிறைந்து அதற்குள்ளே பூச்சிக் கேள்வி புதைந்துபோகும். அதனால் போகிக்கு முந்தின நாளே ஜல்லிக்கட்டுக்கு என்று ஒரே ஒரு பதிவு போட்டு, வீடியோ எல்லாவற்றையும் அதன் பின்னூட்டத்தில் போடச் சொல்கிறோம். விடிகாலை முறைக்கு ஒருவருக்குப் பதில் இரண்டு பேர். விலைப் பதிவு கடைச் சீட்டோடு வந்தால் மட்டும் வெளியாகும், முன்கூட்டியே ஒப்புதல் பெற்றவர்களுக்கும் அந்த வாரம் இதுதான். நாற்று விற்பனைப் பதிவை அந்த வாரம் எடுப்பதே இல்லை. காணும் பொங்கல் முடிந்து வரச் சொல்லிவிடுகிறோம்.